மழைக்குக் குறைவில்லை, போகம் மட்டும் ஒன்று: புருலியாவின் சரிவு நிலங்கள்

காவிரிப் படுகையில் நாற்று நட மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருவதைச் சில ஆண்டுகளாகவே பார்த்து வருகிறோம். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு குழுவாக இறங்கி, பொழுது சாய்வதற்குள் நட்டு முடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடுகிறார்கள். வங்கம் என்றாலே ஆறும் குளமும் ஆண்டு முழுக்க நெல்லும்தான் நம் நினைவுக்கு வரும். அப்படிப்பட்ட மாநிலத்திலிருந்து இத்தனை பேர் ஏன் வெளியூர் வேலைக்கு வருகிறார்கள் என்று கேட்காதவர் குறைவு. மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஜார்க்கண்ட் எல்லையை ஒட்டிக் கிடக்கும் புருலியா மாவட்டத்தைப் பார்த்தால் விடையில் ஒரு பகுதி கிடைக்கும்.

புருலியா வங்கத்தின் வண்டல் சமவெளியைச் சேர்ந்ததல்ல. சோட்டா நாக்பூர் பீடபூமியின் கிழக்குச் சரிவு அது. அடியில் கெட்டிப் பாறை, மேலே மெல்லிய செம்மண், இடையிடையே சரளை. மேற்கே அயோத்தி மலையும் பாக்முண்டிக் காடுகளும். சாலமரம், புரசு, இலுப்பை, குசும், பீடி சுற்றும் கேந்து இலை மரம் என்று காடு. பங்குனியில் இலையெல்லாம் உதிர்ந்து புரசு பூத்தால் மேடெல்லாம் தீப்பிடித்ததுபோல் இருக்கும். சுற்றுலாப் பயணிகள் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். உழவருக்கோ அது தண்ணீர் வற்றத் தொடங்கும் காலம்.

மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 1,300 மி.மீ. அளவுக்கு மழை பெய்கிறது. தமிழ்நாட்டின் சராசரி 900 மி.மீ.க்குச் சற்று மேல்தான். ஆக, நம்மைவிட அவர்களுக்கு மழை அதிகம். ஆனாலும் பெரும்பகுதி நிலத்தில் ஒரே போகம், அதுவும் வானம் பார்த்த நெல். மழையில் ஐந்தில் நான்கு பங்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. சரிவில் விழுந்த நீர் சில மணி நேரத்தில் ஓடைக்குப் போய், ஓடையிலிருந்து ஆற்றுக்குப் போய், மாவட்டத்தை விட்டே வெளியேறிவிடும். காங்சாபதி ஆறு பிறப்பது புருலியாவின் ஜால்தா பக்கம். அதை அடுத்த மாவட்டமான பாங்குராவின் முகுட்மணிபூரில் அணை கட்டித் தேக்கியிருக்கிறார்கள். பாசனம் பெறுவதில் பெரும்பகுதி கீழேயுள்ள பாங்குரா, மேதினிப்பூர், ஹூக்ளி வயல்கள். மேட்டில் பிறந்த தண்ணீரால் மேட்டுக்காரருக்குப் பெரிய பயன் இல்லை.

நிலத்துக்கு நான்கு பெயர்

புருலியா உழவர்கள் நிலத்தை நஞ்சை, புஞ்சை என்று இரண்டாகப் பிரித்து நிறுத்திக்கொள்வதில்லை. சரிவில் எந்தப் படியில் இருக்கிறது என்பதை வைத்துப் பெயர் சொல்கிறார்கள். உச்சியில் வரப்பில்லாத தரிசு மேடு ‘டாட்’. அதற்குக் கீழே படிக்கட்டுபோல வரப்பு கட்டித் திருத்திய மேல்வயல் ‘பாயித்’. நடுச்சரிவு ‘கானாலி’. ஓடையை ஒட்டிய பள்ளம் ‘பஹால்’.

இந்தப் பெயர்கள் வெறும் அடையாளம் அல்ல. எங்கே என்ன விளையும், விலை என்ன பெறும், பாகப்பிரிவினையில் யாருக்கு எது என்பதெல்லாம் இதில் அடங்கிவிடும். பஹாலில் மேலிருந்து கசிந்து வரும் ஈரம் கார்த்திகை வரை நிற்கும். சொர்ணா போன்ற 145 நாள் ரகம்கூடத் தாங்கும். அறுவடைக்குப் பின் கடுகோ வேறு ஏதாவதோ விதைக்கலாம். கானாலி நல்ல ஆண்டில் கைகொடுக்கும். ஆபத்து பாயித் நிலத்தில்தான். ஒரு காலத்தில் புன்செய்ப் பயிர் விளைந்த மேடுகளைத்தான் வெட்டி, சமன்செய்து, வரப்பு போட்டு நெல்வயலாக்கியிருக்கிறார்கள். மழை பெய்த இரண்டு மூன்று நாளில் நீர் இறங்கிவிடும். ஆடியில் மழை தள்ளிப்போனால் நாற்று முற்றிப்போகும். புரட்டாசியில் மழை நின்றுவிட்டால் பூக்கும் கட்டத்தில் பயிர் காயும். சிறு உழவர்கள் பலரிடம் இருப்பது பெரும்பாலும் இந்த மேல்வயல்தான்.

இதற்கு இரண்டு வகையில் வழி தேடப்பட்டது. ஒன்று, ரகத்தை மாற்றுவது. புருலியாவுக்குப் பக்கத்திலேயே, ஜார்க்கண்டின் ஹசாரிபாக்கில் மானாவாரி மேட்டு நெல்லுக்கான மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட ‘சஹபாகி தான்’ என்ற ரகம் வறட்சி தாங்கி 105 நாள் அளவில் அறுவடைக்கு வந்துவிடும். உழவர்களும் தேர்வில் பங்கேற்றதால் அந்தப் பெயர். மேல்வயலுக்கு இத்தகைய குறுகிய வயது நெல், பள்ளத்துக்கு நீண்ட வயது நெல் என்று பிரித்துக்கொண்டாலே நட்டத்தில் பாதி குறையும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் வீட்டில் ஒரே விதைநெல்லை வைத்துக்கொண்டு எல்லாப் படிக்கும் அதையே விடும் பழக்கம் எங்கும் இருப்பதுதான்.

மேல் மூலையில் ஒரு குழி

இன்னொரு வழி நீரை விழுந்த இடத்திலேயே பிடிப்பது. புருலியாவில் ‘ஹாபா’ என்று சொல்லப்படும் சிறு குட்டை அதற்கானது. 1980களில் இங்கே வேலையைத் தொடங்கிய ‘பிரதான்’ என்ற தொண்டு நிறுவனம், உழவர்களோடு சேர்ந்து இதை ஒரு முறையாக வகுத்தது. ‘ஐந்து சதவீத மாதிரி’ என்று பெயர். அதாவது ஒவ்வொரு வயலிலும் அந்த வயலின் பரப்பில் 5 சதவீதத்தை அந்த வயலுக்கே உரிய குழியாக ஒதுக்குவது.

நம் ஊர்ப் பண்ணைக்குட்டையை நினைத்துக்கொண்டு பார்த்தால் இரண்டு வேறுபாடுகள் தெரியும். பண்ணைக்குட்டையைப் பெரும்பாலும் நிலத்தின் தாழ்ந்த மூலையில் வெட்டுகிறோம். நீர் தானாக வந்து சேரும், பிறகு எஞ்சின் வைத்து இறைக்க வேண்டும். ஹாபாவை வயலின் மேல் மூலையில் வெட்டுகிறார்கள். மேலே இருந்து ஓடிவரும் நீரை அது முதலில் பிடிக்கிறது. வயலுக்குள் இறைக்கும் உயரமும் குறைவு. தார்ப்பாய் விரிப்பதில்லை. கசிவதை வீண் என்று அவர்கள் நினைப்பதில்லை. மேல்வயல் குழியில் கசிந்த நீர் கீழ்வயலின் ஈரம். ஒரு சரிவில் பத்துப் பதினைந்து வயல்களில் குழி விழுந்தால் பள்ளத்துக் கிணற்றில் நீர் ஏறும்.

இன்னொன்றும் முக்கியம். பொதுக் குளம் என்றால் மடை, முறை, சண்டை எல்லாம் உண்டு. ஹாபா அவரவர் குழி. யாருடைய சம்மதமும் வேண்டியதில்லை. பல துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும் நிலத்துக்கு இது பொருந்தியதற்குப் பெரிய காரணம் அதுவே என்று நினைக்கிறேன்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கரில் 5 சதவீதம் என்பது 5 சென்ட், 2,178 சதுர அடி. செங்குத்தாக 7 அடி தோண்டினால் 15,000 கன அடிக்கு மேல், சுமார் 4.3 லட்சம் லிட்டர். கரை சரியாமல் இருக்கச் சாய்வாக வெட்ட வேண்டும் என்பதால் 3 லட்சம் லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கருக்கு ஓர் அங்குலம் நீர் கட்ட ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று மேல் வேண்டும். ஆக, ஒருமுறை நிரம்பிய குழியில் அந்த ஏக்கருக்கு மூன்று அங்குல நீர் இருக்கிறது. பருவத்தில் பலமுறை நிரம்பும். இந்த நீரை வைத்துக்கொண்டு இன்னொரு போக நெல் எடுக்க முடியாது. ஆனால் புரட்டாசியில் பத்துப் பன்னிரண்டு நாள் மழை இல்லாமல் போகும்போது கதிரைக் காப்பாற்ற இது போதும். 20 சென்ட் வயல் என்றால் ஒரு சென்ட், ஏறக்குறைய 21 அடிக்கு 21 அடி குழி. இதனால் இழக்கும் நெல்லை, கரையில் நட்ட காய்கறியும் குழியில் விட்ட மீன்குஞ்சும் ஈடுகட்டிவிடும்.

உச்சி மேட்டுக்கு வேறு முறை. டாட் நிலத்தை 30 அடிக்கு 40 அடி கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் தாழ்ந்த மூலையில் சிறு குழி எடுத்து, எடுத்த மண்ணை வரப்பாகப் போடுகிறார்கள். இங்கே குறி மண்ணரிப்பைத் தடுப்பதும் மரத்துக்கு ஈரம் சேர்ப்பதும். பாங்குரா, புருலியா மேடுகளில் இப்படி எழுந்த ஆம்ரபாலி மாந்தோப்புகள் இருக்கின்றன.

மரத்தில் விளையும் அரக்கு

நெல் ஒரு போகம்தான் என்றாலும் புருலியா உழவருக்கு மரத்தில் இன்னொரு வெள்ளாமை உண்டு. அது அரக்கு. பாரதக் கதையின் அரக்கு மாளிகையும் பதிவு அலுவலக முத்திரையும் பொற்கொல்லர் நகையின் உட்கூட்டில் நிரப்புவதும்தான் நமக்குத் தெரிந்த அரக்கு. அது பிசின் அல்ல, பூச்சி சுரப்பது. கடுகைவிடச் சிறிய குஞ்சுகள் இளங்கிளையில் ஊர்ந்து இடம்பிடித்து, சாறு உறிஞ்சி, தங்களைச் சுற்றிச் சுரந்துகொள்ளும் கூடுதான் கிளையில் மேலோடாகப் படிகிறது.

பூச்சியில் இரண்டு வகை. ‘ரங்கீனி’ புரசிலும் இலந்தையிலும் வளரும். ‘குசுமி’ குசும் மரத்தில் வளரும். இலந்தையும் அதற்கு ஒத்துக்கொள்ளும். குசுமி அரக்கு வெளிர்நிறம், விலையும் கூட. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு இரண்டு போகம். ரங்கீனியில் ஐப்பசி வாக்கில் கட்டி ஆனி, ஆடியில் எடுப்பது பைசாகி. அப்போதே கட்டி ஐப்பசியில் எடுப்பது காத்கி. இலந்தை, புரசைக் கோடைக்கு முன்பே கவாத்து செய்து இளந்தளிர் விடவைப்பார்கள். குஞ்சு வெளிவரும் நிலையிலுள்ள விதை அரக்குக் குச்சிகளைக் கட்டாகக் கட்டிக் கிளையில் தொங்கவிடுவார்கள். மூன்று வாரத்தில் அந்தக் குச்சிகளை அவிழ்த்து எடுத்துவிட வேண்டும். விட்டால் அதிலிருந்து அரக்கைத் தின்னும் அந்துப்பூச்சிப் புழுக்கள் புதுக்கிளைக்குப் பரவும். விதைக் குச்சியை நைலான் வலைப்பையில் போட்டுக் கட்டினால் அரக்குக் குஞ்சு வலைக்கண் வழியே வெளியேறும், பகைப்பூச்சி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ராஞ்சி அருகே நாம்கும்மில் 1924-ல் தொடங்கிய அரக்கு ஆராய்ச்சி நிலையம் இத்தகைய முறைகளைத்தான் பரப்பி வருகிறது. இப்போது அதற்கு வேறு பெயர்.

செலவு குறைவு, நிலம் வேண்டாம், வரப்போர மரமே போதும். பிறகு ஏன் எல்லோரும் இதில் பிழைக்கவில்லை? விதைதான் முடிச்சு. சித்திரை, வைகாசி வெயில் கடுமையாகும் ஆண்டில் புரசு மரத்தில் பூச்சி கிளையிலேயே செத்துவிடும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அதே கோடையில்தான் வீட்டில் நெல் தீர்ந்து கையில் காசு இருக்காது. பூச்சி முதிர்வதற்கு முன்பே கிளையை வெட்டிச் சுரண்டி விற்றுவிடுவார்கள். இந்த இளம் அரக்குக்கு ‘அரி’ என்று பெயர். அரி வெட்டினால் அன்றைக்குக் காசு வரும். ஆனால் அடுத்த போகத்துக்குக் கட்ட விதை இருக்காது. ஆனியில் விதை அரக்கை விலை கொடுத்து வாங்க வேண்டும், அந்த நேரத்தில் அது ஏறியிருக்கும். எல்லா மரத்தையும் ஒரே போகத்தில் கட்டாமல், சிலவற்றை விதைக்கென ஒதுக்கி, நிழல் உள்ள இலந்தையில் விதை காப்பாற்றுவது இதற்கு மாற்று. ஒன்றிரண்டு மரம் வைத்திருப்பவருக்கு இது சாத்தியமில்லை. பத்துப் பேர் சேர்ந்தால் முடியும்.

சுரண்டிய அரக்கு பலராம்பூர், ஜால்தா பட்டறைகளுக்குப் போகிறது. நொறுக்கி, கழுவி, நீளமான துணிப்பையில் திணித்துக் கரி அடுப்பின் முன் பிடித்து முறுக்குவார்கள். உருகி வழிவதை ஒருவர் கையாலும் காலாலும் பல்லாலும் இழுத்துத் தகடாக விரிப்பது பழைய முறை. ஒரு காலத்தில் உலகத்தின் கிராமபோன் தட்டுகள் இந்த அரக்கில்தான் ஓடின. பிறகு செயற்கைப் பிசின்கள் வந்து விலையைச் சாய்த்தன. இன்று மாத்திரைப் பூச்சு, பழத்தின் மேல் மெழுகு, மரச்சாமான் மெருகு, வளையல் என்று தேவை இருக்கிறது. ஆனால் ஒருசில ஆண்டுகளில் விலை மேலும் கீழுமாக ஆடுவது, கரும்புக்கு விலை பேசும் நம்மவர்களுக்கே தலைசுற்றும்.

காட்டில் பங்கு

அரக்கு மரம் வரப்பில் நிற்கலாம். சால இலையும் கேந்து இலையும் இலுப்பைப் பூவும் காட்டில்தான். பெண்கள் இலை பறித்து ஈர்க்குச்சியால் தைத்து உண்கலமாக விற்கிறார்கள். இந்தத் தென்மேற்கு வங்கக் காடுகள் ஒரு கட்டத்தில் வெட்டுப்பட்டு மொட்டையாகிவிட்டன. பக்கத்து மேதினிப்பூரின் ஆராபாரியில் 1970களின் தொடக்கத்தில் வன அதிகாரி அஜித்குமார் பானர்ஜி 11 கிராமங்களின் 618 குடும்பங்களோடு ஓர் ஏற்பாடு செய்தார். நீங்கள் காவல் காருங்கள், மரம் முதிர்ந்து விற்கும்போது வருமானத்தில் 25 சதவீதம் உங்களுக்கு என்றார். சால மரத்தின் அடிக்கட்டையிலிருந்து தானாகவே தளிர் வெடிக்கும். ஆடும் கோடரியும் ஒதுங்கினாலே போதும். சுமார் 1,270 எக்டேர் காடு மீண்டது. 1989-ல் மாநில அரசு இதை விதியாக்கியது. மறு ஆண்டு மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. நம் மாநிலத்தின் கிராம வனக்குழுக்களுக்கும் மூலம் அங்கேதான் இருக்கிறது. காடு திரும்பியபோது தல்மா மலையிலிருந்து யானைகளும் வந்தன. அறுவடைக்கு நிற்கும் நெல் அவற்றுக்கும் பிடிக்கும்.

அறுவடைக்குப் பிறகு

புருலியாவின் பண்டிகைகளை இந்த ஒரு போகத்தோடு வைத்துப் பார்த்தால்தான் புரியும். ஐப்பசி அமாவாசையில், நெல் வயலில் நிற்கும்போதே, பாந்த்னா. மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, இரவு முழுக்கத் தொழுவம் தொழுவமாகப் போய்ப் பாடுவார்கள். கம்பத்தில் கட்டிய காளையைத் தோலைக் காட்டி உசுப்பும் ஆட்டமும் உண்டு. நெல் களத்துக்கு வந்ததும் மார்கழி முழுவதும் டூசு. இளம்பெண்கள் மாலைதோறும் பாடி, நாம் பொங்கல் வைக்கும் அதே நாளில் வண்ணக் காகிதத் தேரை ஆற்றில் விடுவார்கள். அந்த டூசுப் பாட்டு அரசியலுக்கும் உதவியிருக்கிறது. மான்பூம் என்ற பெயரில் பீகாரோடு இருந்த இப்பகுதியில் வங்க மொழிக்காகப் போராடியவர்கள் 1954-ல் டூசுப் பாட்டையே சத்தியாகிரகமாக்கினார்கள். 1956-ல் பாக்பிரா கிராமத்திலிருந்து கொல்கத்தாவுக்கு நடைப்பயணம் போனார்கள். அந்த ஆண்டு நவம்பர் 1-ல் புருலியா மேற்கு வங்கத்தோடு சேர்ந்தது. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம்மோடு இணைந்த அதே நாள்.

பங்குனியிலிருந்து மழை வரும்வரை சாவ் ஆட்டம். பெரிய முகமூடி மாட்டிக்கொண்டு, மண்தரையில் குதித்துச் சுழன்று ஆடும் இந்தக் கூத்தை 2010-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. முகமூடிக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. முகமூடி செய்வோர் பாக்முண்டியின் சரிதா கிராமத்தில் தெரு நெடுக இருக்கிறார்கள். ஆடுபவர்களில் பெரும்பாலோர் உழவரும் கூலிக்காரரும். 1981-ல் பத்மஸ்ரீ பெற்ற கம்பீர் சிங் முரா அவர்களில் ஒருவர். வயலில் வேலை இல்லாத மாதங்கள்தான் ஆட்டத்தின் பருவம்.

ஆனால் அதே மாதங்கள்தான் ஊரைவிட்டுப் போகும் மாதங்களும். வர்தமான், ஹூக்ளி நெல்வயல்களுக்கு நடவுக்கும் அறுப்புக்கும் போவதை இங்கே ‘நாமால்’ போவது என்பார்கள், பள்ளநாட்டுக்கு இறங்குவது என்று பொருள். தன் வயலின் நடவை மழைக்குக் காத்து முடித்தும் முடிக்காமலும் பிறர் வயலை நடப்போவார்கள். கைக்குழந்தையோடு பெண்களும் போவதுண்டு. இன்று பஸ் பிடித்துப் போகும் தூரம் கூடி, ரயிலேறித் தெற்கே வரும் அளவுக்கு ஆகிவிட்டது.

ஹாபாவும் மாந்தோப்பும் பரவியது நூறு நாள் வேலைத் திட்டத்தின் பணத்தில்தான். மாநில அரசு மேற்கு மாவட்டங்களுக்கென 2017-ல் தொடங்கிய ‘உஷர்முக்தி’ நீர்ப்பிடிப்புத் திட்டமும் அதே பணத்தை நம்பியது. தன் வயலில் குழி வெட்டவும் கூலி, வெட்டியபின் வயலுக்கு நீர், ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை என்று மூன்றும் ஒன்றாக அமைந்த வேலை அது. 2022 மார்ச்சில், முறைகேடுகளைக் காரணம் காட்டி, மத்திய அரசு மேற்கு வங்கத்துக்கான நிதியை நிறுத்தியது. முறைகேடு செய்தவர் யாராயினும் விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் மண்வெட்டி பிடித்தவரின் கூலியும் சேர்ந்து நின்றது. மாநில அரசு பிறகு நிலுவைக் கூலியைத் தானே கொடுத்து, 2024-ல் ‘கர்மஸ்ரீ’ என்று 50 நாள் வேலை அறிவித்தது. 2025 ஜூனில் கல்கத்தா உயர் நீதிமன்றம், ஆகஸ்ட் 1 முதல் திட்டத்தை மீண்டும் நடத்த ஆணையிட்டது.

குழி வெட்டவும் தூர் வாரவும் ஏற்ற காலம் அறுவடை ஓய்ந்ததிலிருந்து வைகாசி வரை. 2022-க்கும் அந்த ஆணைக்கும் இடையே அப்படி நான்கு கோடைகள் போயின. சரிவில் வரும் செம்மண் நீர் ஒவ்வொரு மழைக்கும் குழியில் வண்டல் படியவைக்கிறது. 7 அடிக் குழியில் இரண்டு அடி வண்டல் சேர்ந்தால் ஏக்கருக்கு மூன்று அங்குலம் என்ற கணக்கு இரண்டுக்கு வந்துவிடும்.